நிபந்தனை இல்லாமல் கொடுத்த காணி

எங்கள் வீட்டுத் தெற்கு ஜன்னலைத் திறந்து மூன்று வருடமாகிறது. பூட்டு எதுவும் இல்லை. கொக்கியைத் தள்ளினால் திறக்கும். திறந்தால் மூன்றடி தூரத்தில் பள்ளிவாசலின் புதுச் சுவர். அந்தச் சுவரில் வரிசையாக நான்கு ஏசிப் பெட்டிகள். தொழுகை நேரத்தில் அவை ஊதுகிற அனல் நேரே என் அறைக்குள் வரும். அதனால் சாத்தியே வைத்திருக்கிறேன்.

அந்தச் சுவர் நிற்கிற நிலம் எங்களுடையது. யாரும் பிடுங்கவில்லை, நான்தான் கொடுத்தேன். வக்ஃபு செய்தேன். அதாவது, இனி யாரும் விற்கவோ திருப்பிக் கேட்கவோ முடியாதபடி அல்லாஹ்வுக்கென்று எழுதிக் கொடுத்தேன். கொடுத்ததை நினைத்து நான் வருந்துகிறேன் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். அது பொய். கொடுத்த விதத்தை நினைத்தால்தான் கசக்கிறது. இதை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தேன், அத்தனை வருடத்திலும் விடை தெரிந்த கேள்விக்குக்கூட ஒரு தடவை கை உயர்த்தியதில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

கலேவெலயிலிருந்து உள்ளே போகும் பாதையில் எங்கள் ஊர். மழை பெய்தால் வயல், பெய்யாவிட்டால் கத்தரியும் பச்சைமிளகாயும், அதுவும் இல்லாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். என் கணவர் தோட்டக்காரர்களிடம் மரக்கறி வாங்கி லொறியில் தம்புள்ளைக்கு ஏற்றிக்கொண்டு போவார். பள்ளிவாசல் எங்கள் வீட்டுக்குத் தெற்கே. இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு பேர்ச் அளவில் ஒரு நீளத் துண்டுக் காணி இருந்தது. அதில் ஒரு பெரிய வேப்பமரம், பத்துப் பதினைந்து வாழை. காணியின் எல்லைக்கு இந்தப் பக்கம், குசினிக்கு நேரே, எங்கள் கிணறு.

பழைய பள்ளியைப் பற்றி நான் பெரிதாகப் புகழப் போவதில்லை. கூரை ஒழுகியது. முகட்டில் வௌவால் குடியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பாதிப் பேர் வெளியே வெயிலில் பாய் விரித்துத் தொழுதார்கள். பெண்களுக்கு அதில் இடமே இல்லை. புதிதாகக் கட்ட வேண்டும் என்று எல்லாரும் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தப் பழைய கட்டடம் எங்களுக்கு ஒரு தொந்தரவும் தந்ததில்லை. முன்னால் ஹவுள் இருந்தது. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவி வுளூ செய்வதற்குத் தண்ணீர் நிரப்பி வைக்கும் பெரிய தொட்டி. சுற்றிவரக் குந்தியிருந்து கையால் அள்ளித்தான் கழுவுவார்கள். அள்ளுகிற கையளவுதான் செலவு. கழுவிய தண்ணீர் சுற்றியிருந்த காணில், அதாவது வடிகாலில், விழுந்து, ஒரு மண் வாய்க்கால் வழியாக எங்கள் காணிக்குள் வந்து, வாழையடியிலும் வேம்படியிலும் ஊறி மறைந்துவிடும். கிழமைக்கு ஒரு தடவை ஹவுளைத் திறந்துவிட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். அன்றைக்கு வாய்க்கால் நிறைய ஓடும்.

"ஊர்க் கிணறெல்லாம் வத்தினாலும் நம்மட கிணறு வத்தாது. ஏன் சொல்லுங்க பாப்போம்?" என்று என் கணவர் வந்தவர்களிடம் கேட்பார். அவரே பதிலும் சொல்வார். "அஞ்சு நேரமும் ஊரே எங்களுக்காக வுளூ செய்யுதே!"

அவர் ஒரு காலையில், லொறியில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. நான் இத்தாவில் இருந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களுக்கு முன்னால் வராமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரே மகள், மாத்தளை டவுனில் கட்டிக்கொடுத்தது, வந்து போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது மாதத்தில் பள்ளி நிர்வாகசபையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் ஹோலில் கதிரைகளில் இருந்தார்கள். என் நானா, கூடப்பிறந்த அண்ணன், அவர்களோடு இருந்தார். நான் குசினி வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன்.

தலைவரை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என் கணவரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். நல்ல மனுசன், வாய் திறந்தால் சிரிப்புத்தான் என்றார். பிறகு திரைப்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"தங்கச்சி, மனுசன் மௌத்தாப் போனா அவன்ட அமலெல்லாம் நிண்டு போகும். நிக்காம ஓடுறது ஸதகதுல் ஜாரியா. நெரந்தர தர்மம். மௌத்தான மாப்புள்ளைக்காக அப்படி ஒண்டு செஞ்சு விடுங்க. அந்தத் துண்டுக் காணி சும்மாத்தானே கெடக்குது?"

"சும்மா எங்க கெடக்குது?" என்றார் கூட வந்தவர். "போன மாசமும் நான் ரெண்டு சீப்புப் பழம் கொண்டு போனேனே."

"அதான் உங்கட வயிறு இப்படி. கேட்டுட்டா கொண்டு போனீங்க?"

"மௌத்தானவர்ட அனுமதி எப்பவும் இருந்திச்சி ஹாஜியார்."

சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கொடுப்பதற்கு எனக்கு முழுச் சம்மதம். அவருக்கு அந்த நன்மை போய்ச் சேரும் என்று நினைத்ததுமே மனம் குளிர்ந்துவிட்டது. ஆனால் மூன்று விஷயங்கள் சொல்ல வேண்டும் போலிருந்தது. மரத்தை வெட்டக் கூடாது. எங்கள் வீட்டுக்குக் காற்று வருகிற மாதிரிப் பத்தடி விட்டுத்தான் சுவர் கட்ட வேண்டும். வுளூத் தண்ணீர் இப்போது போகிற மாதிரியே நிலத்துக்குள் போக வேண்டும். இவ்வளவுதான். நிலைக்கதவில் மெல்லத் தட்டி நானாவைக் கூப்பிட்டேன். திரைக்கு அருகே வந்து காதைக் கொடுத்தார். சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் அடிக்குரலில். "அல்லாஹ்வுக்குக் குடுக்குற சாமானுக்குக் கண்டிஷனா? வீடு வாடகைக்குக் குடுக்குறியா நீ? வெளிய கேட்டா சிரிப்பாங்க."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஏதோ கேவலமான வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்ட மாதிரி இருந்தது. பேசாமல் நின்றேன்.

"என்னவாம்?" என்று ஹாஜியார் கேட்டார்.

"சம்மதமாம்," என்றார் நானா.

"மாஷா அல்லாஹ்!"

எங்களில் நிக்காஹ் சமயத்திலும் இப்படித்தான். பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். அவள் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். என் நிக்காஹ் அன்றைக்கும் நான் பேசவில்லை. ஆனால் அன்றைய மௌனத்துக்குள் ஒரு ஆமாம் இருந்தது. திரைக்குப் பின்னால் நின்ற மௌனத்தில் ஆமாம் இருந்தது, கூடவே ஒரு 'ஆனால்' இருந்தது. அந்த ஆனால் திரைக்கு அந்தப்பக்கம் போகவில்லை.

நானாவை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. இத்தா முடிந்த பிறகு கலேவெல டவுனில் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் அறைக்குப் போனோம். ஒரு சிங்கள அம்மா. கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு காணி உறுதிப் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்துவிட்டு, நிபந்தனை எதுவும் எழுத வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். விகாரைக்குக் காணி கொடுக்கிறவர்களும் ஒன்று இரண்டு போடுவார்கள், அது வழக்கம்தான் என்றார். "நெஹெ மிஸ்", இல்லை என்று நானா முந்திக்கொண்டார். அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அங்கே திரை இல்லை. நான் வாய் திறந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. எனக்குச் சிங்களமும் நன்றாக வரும். ஆனால் நான் பேனையை எடுத்தேன். உண்மையைச் சொன்னால், கணக்குப் பார்க்காமல் அள்ளிக் கொடுத்த பெண் என்று பேர் எடுக்கிற ஆசை எனக்கும் இருந்தது. அந்த ஆசையில்தான் கையெழுத்துப் போட்டேன்.

வேலை தொடங்கிய முதல் கிழமையிலேயே வேம்பை வெட்டினார்கள். மெஷின் வாள். மரம் விழுகிற சத்தத்தைவிட, விழுந்த பிறகு குசினிக்குள் வந்த வெளிச்சம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. அவ்வளவு வெளிச்சத்தில் அந்தக் குசினியை நான் பார்த்ததே இல்லை. சுவரில் இருந்த புகைக்கறையெல்லாம் தெரிந்தது. நானாவிடம் கேட்டேன்.

"பிளான்ல மரம் இல்ல," என்றார்.

பிளான் கொழும்பிலிருந்து வந்தது. காசு கொடுத்தவர் வெளிநாட்டில். படத்தை நானாவின் போனில் பார்த்தேன். மூன்று மாடி. எங்கள் ஊர் வெயிலை ஒரு நாளும் பார்க்காத ஆள் வரைந்த மாதிரி, முன்பக்கம் முழுதும் நீலக் கண்ணாடி. திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி சூட்டை உள்ளே பிடித்து வைக்கும், அதனால் ஏசி வேண்டும். ஏசிக்கு வெளிப்பெட்டி வேண்டும்.

"பெட்டிய ரோட்டுப் பக்கம் வைக்க ஏலாதாம். வடிவு கெட்டுப் போகுமாம்," என்றார் நானா. "இந்தப் பக்கம்தான் வருது."

"இந்தப் பக்கம் நான் இருக்கேனே."

"நீ உள்ளுக்குத்தானே இருக்க?"



ஹவுளை உடைத்தார்கள். அதற்குப் பதிலாக நான் கொடுத்த காணியில் வுளூ செய்யும் கட்டடம் வந்தது. ஒரு வரிசையில் இருபத்துநாலு குழாய், ஒவ்வொன்றுக்கும் முன்னால் டைல்ஸ் பிடித்த இருக்கை. மண் வாய்க்காலை மூடி இன்டர்லொக் கல் பதித்தார்கள். கழுவிய தண்ணீர் இப்போது குழாய் வழியாக நேரே ரோட்டுக் காணுக்குப் போகிறது. இருபத்துநாலு குழாய்க்கும் ஹவுளுக்கு இறைத்த தண்ணீர் போதாது. ஆழமாகக் குழாய்க் கிணறு அடித்தார்கள். இரண்டு நாள் வீடு முழுக்க அதிர்ந்தது. அலுமாரிக் கண்ணாடி தானாக ஆடியது.

கட்டடம் முடியும் தறுவாயில் ஒரு வெள்ளிக்கிழமை, மௌலவி ஜும்ஆவில் சுற்றாடலைப் பற்றிப் பேசினார். இளம் பிள்ளை, புத்தளப் பக்கத்திலிருந்து வந்தவர், மனைவியோடு வாடகை வீட்டில் இருக்கிறார். ஒலிபெருக்கி எங்கள் கூரையைப் பார்த்துத்தான் இருக்கிறது, ஒரு எழுத்து விடாமல் கேட்கும். ஓடுகிற ஆற்றின் கரையில் இருந்து வுளூ செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நபியவர்கள் சொன்னதைச் சொன்னார். மரம் நடுவதும் தர்மம் என்றார். பக்கத்து வீட்டுக்காரரின் அனுமதி இல்லாமல், அவருக்குக் காற்று வராதபடி சுவரை உயர்த்துவது கூடாது என்றார். பூமி நமக்குச் சொந்தம் இல்லை, பார்த்துக்கொள்ளச் சொல்லித் தந்த அமானிதம் என்றார். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

பின்னேரம் அவருக்குப் போன் எடுத்தேன். முகம் தெரியாமல் பேசுவதென்றால் எனக்குக் கொஞ்சம் முடியும்.

"மௌலவி, அல்லாஹ்வுக்குக் குடுக்குற காணிக்குக் கண்டிஷன் போடுறது தப்பா?"

"யார் சொன்னது ராத்தா?" என்றார். "வக்ஃபு செய்றவங்க போடுற ஷர்த்துக்குச் சட்டம் மாதிரி மதிப்பு இரிக்கி. முந்தின ஆக்கள் அப்படித்தான் எழுதி வெச்சாங்க. இந்தக் கிணத்துல வழிப்போக்கனும் குடிக்கணும், இந்த மரத்துப் பழம் ஏழைக்கு, இந்தச் சுவரத் தாண்டிக் கட்டக் கூடாது... அதுல வெக்கப்பட ஒண்டும் இல்ல. அதுதான் மொற."

"நான் ஒண்டும் போடல்லையே."

"அப்ப நிர்வாகம் நெனக்கிறதுதான் ராத்தா."

"நீங்க அவங்களுக்குச் சொல்ல ஏலாதா?"

"இண்டைக்கு மிம்பர் மேடையில நிண்டு சொன்னேனே. கேட்டீங்கதானே?"

"நான் கேட்டேன். அவங்க?"

"ஹாஜியார் கை குடுத்தார்," என்றார் மௌலவி. "பயான் நல்லா இருந்திச்சாம். ஏசி பூட்டினதுக்குப் பொறகு இன்னும் நல்லா இரிக்குமாம்."

அந்தப் பிள்ளையைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் அவர்கள் கொடுக்கிற சம்பளத்தில் சாப்பிடுகிறவர்தான். போனை வைத்த பிறகு குசினியில் போய் நின்றேன். நான் மரியாதைக் குறைவு என்று நினைத்து விழுங்கியது, மார்க்கம் எனக்குக் கொடுத்திருந்த உரிமை. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவேளை நானாவுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நாங்கள் எல்லாரும் கொடுக்கப் படித்தோம், அள்ளிக் கொடுப்பது அழகு என்று படித்தோம். எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதைப் படிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பெண்களைப் பார்க்க விட்டார்கள். நானும் போனேன். உள்ளே குளிர். தரையில் பாதம் வழுக்குகிற மாபிள். வெயில் கண்ணாடி வழியாக நீலமாக விழுந்தது. பெண்கள் எல்லாரும் போனில் படம் எடுத்தார்கள். ஹாஜியார் வாசலில் நின்றவர் என்னைக் கண்டதும், "பாருங்க தங்கச்சி, எல்லாம் மாப்புள்ளைக்குப் போய்ச் சேருற நன்மை," என்றார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, "இப்ப உங்கட வீட்டுக்கும் நல்ல நெழல்," என்றார். உண்மையாகவே நல்லதைச் சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். நான் தலையாட்டினேன். மறுநாள் ஒரு ஸஹன் பிரியாணி வீட்டுக்கு வந்தது. ஐந்தாறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. வீட்டில் நான் ஒருத்தி.

அதற்கு அடுத்த வருடம் வறட்சி. ஊர்க் கிணறுகள் வற்றின, அது புதிதல்ல. எங்கள் கிணறும் வற்றியது. அது புதிது. வாளி தரையில் மோதுகிற சத்தம் கேட்டபோது கயிறுதான் அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். கீழே சேறும் இரண்டு தவளையும். குழாய்க் கிணறுதான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வாய்க்காலை மூடியதுதான் காரணம் என்றும் எழுதித் தர முடியாது. எனக்குத் தெரிந்தது, இத்தனை வருடம் வற்றாதது வற்றியது என்பதுதான். பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் கிழமைக்கு இரண்டு நாள் சந்திக்கு வரும். குடத்தோடு வரிசையில் நின்றேன். மகள் போனில் அழுதாள். "வீட்டப் பூட்டிட்டு எங்களோட வாங்க உம்மா," என்றாள். அவளுடையது இரண்டு அறை வீடு. மாமியும் அங்கே இருக்கிறார். நான் அங்கே போனால் ஹோலில் படுத்து, விடிய எழும்பிப் பாய் சுருட்டுகிற ஆளாகத்தான் இருக்க வேண்டும். இந்த வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் எனக்கு வேறு வழியும் இல்லை.

அதனால்தான் ஒரு நாள் ஹாஜியாரின் கடைக்குப் போனேன். நானாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவர்தான் பேசுவார். டவுனில் கட்டடச் சாமான் கடை. குழாய்களும் டைல்ஸ் மாதிரிகளும் சுவர் நிறைய. இரண்டு மூன்று பேர் நின்றார்கள். வாசலில் பத்து நிமிடம் நின்று, ஆட்கள் குறைவார்களா என்று பார்த்தேன். குறையவில்லை.

"என்ன தங்கச்சி, தனியா?"

"கெணறு வத்திட்டுது ஹாஜியார்."

"எல்லார்டயும் வத்திட்டுதுதானே. துஆச் செய்யுங்க."

"பள்ளித் தண்ணியில..."

அவர் என்னை முடிக்க விடவில்லை. கை இரண்டையும் உயர்த்தினார். "அத மட்டும் கேட்டுடாதீங்க. அது வுளூவுக்கெண்டு வக்ஃபான தண்ணி. வீட்டுப் பாவனைக்கு ஒரு வாளி குடுத்தாலும் நாளைக்கு அல்லாஹ்வுக்கு முன்னால நான்தான் பதில் சொல்லணும். வக்ஃபுச் சொத்து, எதுக்குக் குடுத்தாங்களோ அதுக்குத்தான்."

கொடுத்தவள் அவருக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். எதுக்குக் கொடுத்தேன் என்று அவர் எனக்குச் சொல்லித் தந்தார். வழக்கமாக அந்த இடத்தில் நான் திரும்பிவிடுவேன். ஆனால் வீட்டில் அன்றைக்கு ஒரு குடம்தான் இருந்தது.

"குடிக்கிற தண்ணி கேக்கல்ல ஹாஜியார்," என்றேன். "கழுவிட்டு ரோட்டுக் காணுக்கு விடுறீங்களே, அந்தத் தண்ணி. முன்ன மாதிரி என்ட பக்கம் திருப்பி விடுங்க. நிலத்துல ஊறினா கெணறு கொஞ்சம் பிடிக்கும்."

"அது அழுக்குத் தண்ணி தங்கச்சி."

"தொழப் போறவங்க மூஞ்சி கழுவின தண்ணிதானே?"

குழாய் வாங்க நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். "மடக்கிட்டாங்க ஹாஜியார்."

ஹாஜியாரும் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. "நீங்க பேசாத ஆளெண்டுதானே நெனச்சிருந்தேன்," என்றார். "நிர்வாகத்துல பேசி அறிவிக்கிறேன்."

மூன்று கிழமை கழித்து நானா ஒரு கடிதம் கொண்டு வந்தார். பள்ளியின் முத்திரையோடு டைப் செய்த கடிதம். என் வேண்டுகோள் மனிதாபிமானத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். கீழே ஐந்து நிபந்தனைகள். இது என் உரிமை அல்ல, அவர்கள் செய்கிற உதவி. விரும்பிய நேரம் அறிவிக்காமல் நிறுத்தலாம். நிலம் பழுதானாலும் சுவர் ஊறினாலும் நான் முறைப்பாடு செய்யக் கூடாது. குழாய் போடும் வேலையும் பொருளும் என் பொறுப்பு. இன்டர்லொக் கல் ஒன்றும் பெயரக் கூடாது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு வராத கலை அவர்களுக்கு எவ்வளவு நன்றாக வருகிறது என்று பார்த்தேன்.

"கையெழுத்தப் போடு," என்றார் நானா. "இவ்வளவு இறங்கி வந்ததே பெரிசு."

"எங்கட காணியில இருந்து வர்ற கழிவுத் தண்ணிக்கு அஞ்சு கண்டிஷனா நானா?"

"இப்ப அது எங்கட காணி இல்ல."

அவர் சொன்னது சரி. கையெழுத்துப் போட்டேன். இந்த முறை வாசித்துவிட்டுப் போட்டேன், அதுதான் வித்தியாசம்.

சுவரின் அடியில் துளை போட்டு இரண்டங்குலக் குழாய் வைத்தோம். பின்வாசலில், கிணற்றடியில் எனக்கு மிச்சமிருக்கிற துண்டு நிலத்தில் ஒரு குழி வெட்டிக் கல்லும் மணலும் போட்டேன், தண்ணீர் தேங்காமல் ஊறட்டும் என்று. ஐந்து வாழைக் குட்டி வைத்தேன். மாரி மழையும் பெய்தது. கிணற்றில் இரண்டு முழம் தண்ணீர் ஏறியது. குடிக்க மனம் வரவில்லை, கைகழுவுகிற சவர்க்கார வாசம் மெல்லியதாக இருக்கிறது. குடிக்க இன்னும் சந்திக்குத்தான் போகிறேன். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போதும். வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை. மகளுக்கு அப்படித்தான் சொன்னேன்.

ஆனால் ஒரு விஷயத்தை மகளுக்குச் சொல்லவில்லை. குழாய் வந்த பிறகுதான், அவர்கள் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்று என் கண்ணால் பார்க்கிறேன். ஹவுள் காலத்தில் வந்ததைப் போல நாலு மடங்கு. குழாயைத் திறந்துவிட்டுத் தேர்தல் கதை பேசுகிறார்கள், வெங்காய விலை பேசுகிறார்கள், சுவருக்கு இந்தப்பக்கம் எல்லாம் கேட்கும். வெள்ளிக்கிழமை குழி நிரம்பி வாழையடி முழுதும் தண்ணீர். சில நேரம் ஆள் போன பிறகும் ஒரு குழாய் மூடாமல் ஓடும். முன்பென்றால் எனக்குப் பொறுக்காது. மௌலவிக்குப் போன் எடுத்து, "மௌலவி, ஒரு குழாய் தெறந்து கெடக்குது," என்பேன். வந்து மூடுவார். "ஜஸாக்கல்லாஹ் ராத்தா," என்று சுவருக்கு அந்தப்பக்கமிருந்து சத்தம் கொடுப்பார்.

போன மாதம் ஒரு நாள் மத்தியான ளுஹர் தொழுகை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். ஏசிப் பெட்டிகள் நின்றன. அமைதியில் ஒரு குழாய் ஓடுவது கேட்டது. நன்றாகத் திறந்துவிட்ட குழாய். போனைக் கையில் எடுத்தேன். மௌலவியின் இலக்கம் திரையில் வந்தது. பின்வாசலில் நின்று குழியைப் பார்த்தேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நாலு நாளாகக் கிணறு ஒரு முழத்துக்குக் கீழே போயிருந்தது. அந்த மௌலவியின் பயான் ஒரு நாள் இந்த ஊர் ஆட்களின் காதில் ஏறி, எல்லாரும் அளந்து வுளூ செய்யப் பழகினால், என் கிணற்றில் வாளி மறுபடியும் தரையைத் தொடும். அவர்கள் வீணாக்குவதால்தான் நான் இந்த வீட்டில் இருக்கிறேன். அதை அன்றைக்குத்தான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

பாவமன்னிப்புக் கேட்டு இஸ்திக்ஃபார் ஓதினேன். ஓதிக்கொண்டே போனை மேசையில் வைத்தேன். தண்ணீர் பின்னேரம் அஸர் பாங்கு வரைக்கும் ஓடியது. மூடச் சொல்லி நான் யாருக்கும் சொல்லவில்லை.